ஆலங்குடாவிலிருந்து மெயின் ரோட்டுக்கு

மகனே,

ஸலாம் சொல்லியாயிற்று. இனி இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தையை அதிகம் எதிர்பார்க்காதே. எனக்கு நல்ல வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும். வந்த கொஞ்சத்தையும் பஸ்ஸில் வந்து தங்கிய விருந்தாளிகளிடமே செலவழித்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு நிக்காஹ். அதற்கு முன் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நேரில் சொல்லலாம். ஆனால் நேரில் தொடங்கினால் இரண்டாவது வசனத்தில் நான் கத்துவேன், மூன்றாவது வசனத்தில் குற்றம் உன் தலையில் வந்து விழும். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்துத் தரவும் போவதில்லை. ஒரு பிரதி உன் மாமனாருக்கு, ஒரு பிரதி தில்லையடிச் சந்தியில் இருக்கும் சலூனுக்கு. சலூனுக்கு ஏன் என்று வாசித்துப் போனால் விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உன் மாமனார் வந்திருந்தார். கல்யாண வேலைகள் கதைத்து முடிந்து தேத்தண்ணி வந்த நேரத்தில் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார், “மாப்புளய ஊர்ல எல்லாரும் டெட், டெட் எண்டு கூப்பிடுறாங்களே, அது என்ன பேரு?” எனக்கு அது போதாதா? கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். பதினைந்து வயதில் நீ ஆலங்குடாக் கடற்கரையில் வெள்ளைக்காரர் தங்கியிருந்த பஸ்ஸில் ஃபேனைப் போட்டுவிட்டு இறங்கிப் போனது, பெட்டரி டெட் ஆனது, நான் அந்தப் பெட்டரியையே உன் தோளில் ஏற்றி மெயின் ரோடு வரை இரண்டு கிலோமீற்றர் நடக்க வைத்தது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எந்த இடத்தில் நிறுத்தினால் ஆட்கள் சிரிப்பார்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். மாமனார் சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே வழக்கம்போல ஒரு திருத்தம் சொன்னாய்: “ரெண்டு இல்ல வாப்பா, மூணு.”

சிரிப்பு அடங்குவதற்குள் நான் பெருந்தன்மை காட்டினேன். பஸ்ஸை உனக்கே தருகிறேன், கல்யாணத்துக்கு அதுதான் என் பங்கு என்று மாமனார் முன்னால் அறிவித்தேன். நீ தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய், “வேணாம் வாப்பா. பெட்டரி என்ட கையில நிக்காது.” மாமனார் அதற்கும் சிரித்தார். உன் உம்மா மட்டும் தட்டத்தை மேசையில் ஓசை வரும்படி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் எழும்பி வெளியே வந்தபோது, வாசலுக்கு முன்னால் துணி காயப்போடும் கயிற்றில் உன் மஞ்சள் சேட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து வயதுச் சேட்டு. வலது தோளிலும் முதுகிலும் பெட்டரி அசிட் தின்ற ஓட்டைகள். பதினொரு வருடமாக அதை அலுமாரிக்குள் வைத்திருந்தாள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். “கல்யாண ஊட்டுக்கு ஆக்கள் வந்து போற நேரம், இத ஏன் இதுல போட்டிருக்க?” என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “பொண்ணு நாளைக்கு அந்தத் தழும்பப் பாத்து என்னண்டு கேப்பா. அவன் என்ன சொல்லுவான்? ஃபேன ஓஃப் பண்ண மறந்தன், அதுக்கு வாப்பா பெட்டரி சுமக்க வெச்சாரு எண்டா? நீங்க உண்மையச் சொல்லுற வரைக்கும் இது இதுலதான் காயும்.” உண்மை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சரி, சொல்கிறேன். ஆனால் முதலில் பெட்டரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயந்தவன் தனக்குத் தெரிந்த இடத்திலிருந்துதானே தொடங்குவான்? அந்த பஸ்ஸை நான் எப்படிக் கட்டினேன் என்று உனக்குத் தெரியும். மாமனாருக்கும் சலூனுக்கும் தெரியாது. சண்டை முடிந்து, கல்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரத் தொடங்கிய காலம். ஓடி ஓய்ந்த ஒரு சின்ன பஸ்ஸின் சீட்டுகளைக் கழற்றி, கட்டில் அடித்து, அடுப்பும் சின்ன பிரிட்ஜும் வைத்து, கூரையில் சோலார் தகடு இரண்டு பூட்டி, பின் கதவடியில் நூறு அம்பியர் பெட்டரி இரண்டு வைத்தேன். கரண்டுக் கம்பி வராத கரையில் ஒரு குடும்பம் ஒரு வாரம் தங்கலாம். தங்கலாம் என்றால், பெட்டரியை மதிக்கத் தெரிந்தவர்கள் தங்கலாம்.

பெட்டரி பொய் சொல்லும், முதலில் அதைத் தெரிந்துகொள். நண்பகலில் மீற்றரைப் பார்த்தால் பதின்மூன்றுக்கு மேல் காட்டும். பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தாதே, அது வெயில் தள்ளிக்கொண்டிருக்கும் கணக்கு, பெட்டரிக்குள் இருக்கும் கணக்கு இல்லை. காலையில், தகட்டில் வெயில் விழுமுன், எல்லாச் சுவிட்சையும் அணைத்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் பார். பன்னிரண்டு தசம் ஏழு என்றால் நிறைந்திருக்கிறது. பன்னிரண்டு தசம் இரண்டு என்றால் பாதி. அந்தப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதே. ஈயப் பெட்டரி பாதிக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுளில் ஒரு துண்டு போய்விடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தத் துண்டு திரும்பி வராது. விருந்தாளிக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு வெயில் வேண்டும். விருந்தாளி வாய் உள்ளவன், தகடு வாய் இல்லாதது, அதனால் நாம் எப்போதும் பஸ்ஸைத் தென்னைக்குக் கீழேதான் விடுகிறோம். அப்படி விடாதே. ஒரு ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலும் தகட்டின் வேலை பாதியாகப் போய்விடும். கடற்காற்றில் வரும் உப்புப் படலத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் துடை. இன்வேட்டரைத் தேவை முடிந்ததும் அணை, ஒன்றும் பூட்டாமல் சும்மா இருந்தாலும் அது குடித்துக்கொண்டே இருக்கும். தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவரும் பெண்களிடம் சிரித்துக்கொண்டே அதை வாங்கி உன் பையில் வைத்துக்கொள். கால் மணி நேரத்தில் அது ஒரு நாள் கரண்டைக் குடித்துவிடும்.

பிரிட்ஜ், ஃபேன், பல்ப் மூன்றையும் இப்போது கணக்குப் பார்ப்போம். பிரிட்ஜ் ஒரு முழு நாளைக்கு ஏறத்தாழ ஐம்பது அம்பியர் இழுக்கும். பல்ப் ஒரு பொருட்டே இல்லை. ஃபேன், நன்றாக வாசி, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு அம்பியர். நீ அன்றைக்கு ஃபேனைப் போட்டுவிட்டுப் போனது மூன்று மணி நேரம். ஆறு அம்பியர். பெட்டரி இரண்டும் சேர்ந்தால் இருநூறு. இருநூறில் ஆறு போனால் பெட்டரி டெட் ஆகுமா? புத்தளம் முழுக்க வாகன வயரிங் செய்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கே தெரியும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே தெரியும்.

பெட்டரியை இறக்கியது நான்.

அந்தக் கரையில், வாடி போட்டுத் தங்கியிருக்கும் மீன்பிடிக்காரர்களுக்கு ஒரு ஓலைத் தக்கியா இருந்தது உனக்கு நினைவிருக்கும். தொழுகைக்கு ஒரு கொட்டில், அவ்வளவுதான். கரண்ட் இல்லை. அந்த டிசம்பரில் அவர்கள் மூன்று நாள் நபி புகழ் சொல்லும் மௌலூது ஓதினார்கள், பின்னேர அசருக்குப் பிறகு தொடங்கி இரவு இஷாத் தொழுகை வரைக்கும். மைக்கும் ஹோர்ன் இரண்டும் வாடகைக்கு வந்துவிட்டன, ஜெனரேட்டர் வரவில்லை. மைக் பிடிப்பவன் மீராசா. அந்தக் காலத்தில் தோணியில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தான். அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நான் யோசிக்கவே இல்லை. பின் கதவடியில் இருந்து வயர் இழுத்து, வெள்ளைக்காரரின் கண்ணில் படாமல் மணலுக்குள் புதைத்து, தக்கியா வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸில் ஒரு ஜெர்மன் தம்பதி இருந்தார்கள். அவர்கள் வாங்கிய கரண்டை, அவர்களைக் கேட்காமல், நான் நன்மைக்குக் கொடுத்தேன்.

நன்மைக்கு என்று எழுதிவிட்டேன், அதுவும் பொய். முதல் நாள் ஓதத் தொடங்குமுன் மீராசா மைக்கில் சொன்னான்: “இந்த மைக்குக்கும் லைட்டுக்கும் கரண்ட் தந்து ஒதவுறது எங்கட பாஸ் நானா. அல்லாஹ் அவர்ட தொழில்ல பரக்கத் செய்யட்டும்!” ஆமீன் என்று அந்தக் கரை முழுக்கச் சத்தம் வந்தது. மகனே, தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து நான் இந்த ஊரில் அகதி. வயரிங் வேலையை நன்றாகச் செய்தால் “அகதி பாஸ் கெட்டிக்காரன்” என்பார்கள். பிழை விட்டால் “அகதி பாஸ் ஏமாத்திட்டான்” என்பார்கள். நீ இங்கே பிறந்தவன், உனக்கு அந்தச் சொல் காதுக்குள் போகும் விதம் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, ஹோர்ன் இரண்டிலும், கடல் வரைக்கும் கேட்க, எங்கட பாஸ் நானா. எங்கட. அதை இரண்டாம் நாளும் கேட்க ஆசைப்பட்டேன். மூன்றாம் நாளும் கேட்டேன். மூன்றாம் நாள் மீற்றர் பதினொன்று தசம் ஒன்பது காட்டியது. எனக்குத் தெரிந்தது. வயரைக் கழற்றவில்லை. பேர் சொல்லி முடியட்டும் என்று இருந்தேன்.

நீ காய்ச்சலில் வீட்டில் கிடந்தாய். மௌலூது முடிந்த மறுநாள், வியாழக்கிழமை காலைதான் ஆலங்குடாவுக்கு வந்தாய். முகத்தில் காய்ச்சல் களை இன்னும் போகவில்லை. அதற்குள் நான் வயரை மணலிலிருந்து உருவி, சுற்றி, டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன். ஜெர்மன்காரர் இருவரும் டொல்பின் பார்க்கத் தோணியில் போயிருந்தார்கள். பஸ்ஸுக்குள் மணலைக் கூட்டச் சொன்னேன். நீ ஃபேனைப் போட்டுக்கொண்டு கூட்டினாய், பாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாய், கதவைப் பூட்டினாய், ஃபேனை மறந்தாய். அது மட்டும்தான் உன் பிழை. ஆறு அம்பியர்.

நண்பகலில் அவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஃபேன் சாகப்போகிற மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் எப்போதோ நின்றுவிட்டது. அந்தப் பெண்மணிக்குச் சீனி வருத்தம். அவளுடைய இன்சுலின் முழுக்க அந்த பிரிட்ஜுக்குள். எடுத்துப் பார்த்தாள், சூடு. இனி இதை நம்பி ஊசி போட முடியாது என்றாள். விருந்தாளிகளை எனக்கு அனுப்பும் கடற்கரை விடுதிக்காரர், கபானா முதலாளியும் அங்கே நின்றார். “பெட்டரி பார்க்கத் தெரியாதவனுக்கு நான் இனி ஆள் அனுப்ப மாட்டேன்” என்றார். பஸ் கட்டி முடித்து முதல் வருடம். நான் சுற்றிப் பார்த்தேன். மீராசாவும் வாடி ஆட்களும் கொஞ்சத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். நீ கழுவிய பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாய். “அவன்தான். ஃபேனைப் போட்டுவிட்டுப் போய்விட்டான்” என்று கையை நீட்டினேன். உன் முகம் வெளிறியது. ஃபேனைப் பார்த்தாய். “ஓம் வாப்பா, மறந்துட்டன்” என்றாய். அதோடு பொய்க்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். பஸ் எஞ்சினின் பெட்டரி வேறு, அதற்கு ஒன்றும் இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டிருந்தால் பிரிட்ஜ் அந்த நிமிடமே வேலை செய்திருக்கும். ஒரு த்ரீவீலுக்குச் சொல்லியிருந்தால் பெட்டரியை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். ஆனால் கபானா முதலாளி இன்னும் நம்பாத முகத்தோடு நின்றார். நம்ப வைக்க வேண்டும். பெட்டரியில் ஒன்றைக் கழற்றினேன், ஒரு சாக்கை மடித்து உன் வலது தோளில் வைத்தேன், இருபத்தெட்டுக் கிலோவை அதன்மேல் ஏற்றினேன். “மெயின் ரோடு வரைக்கும் சுமந்துகொண்டு போ. அப்போதுதான் உனக்குப் பெட்டரியின் பெறுமதி விளங்கும்” என்றேன். பழைய வகைப் பெட்டரி, மூடி ஆறு. சரித்தால் அசிட் கசியும். அதுவும் எனக்குத் தெரியும்.

நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ தெரியாது. வழியில் ஒரு இடத்தில், “வாப்பா, தோள் கடிக்குது” என்றாய். “நட” என்றேன். இன்னும் கொஞ்சத் தூரம் போய், “எரியுது வாப்பா” என்றாய். சேட்டில் ஓட்டை விழுவதைப் பின்னால் வந்த நான் கண்ணால் கண்டேன். “நட” என்றேன். ஏன் என்று கேள். ஜெர்மன்காரியும் முதலாளியும் ஜீப்பில் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு இன்சுலின் எடுக்கப் போகும் வழியில் எங்களைத் தாண்டிப் போவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் காணும்போது நீ சுமந்துகொண்டிருக்க வேண்டும். ஜீப் வந்தது, நின்றது. அந்தப் பெண்மணி கத்திக்கொண்டு இறங்கி ஓடி வந்து, பெட்டரியை உன் தோளிலிருந்து தள்ளிவிட்டு, குடிக்க வைத்திருந்த மூன்று போத்தல் தண்ணீரையும் உன் முதுகில் ஊற்றினாள். அவள் பாஷை எனக்கு விளங்காது. ஆனால் அவள் என்னைப் பார்த்துச் சொன்னது என்னவென்று எனக்கு நன்றாக விளங்கியது. கபானா முதலாளி அடுத்த வாரமும் எனக்கு ஆள் அனுப்பினார்.

சலூனில் முதலில் சொன்னவனும் நான்தான். தோளில் கட்டுடன் உன்னை ஊர் காணுமுன் கதையை நான் கொடுக்க வேண்டும் அல்லவா? சிரிக்கிற மாதிரிச் சொன்னேன். அடுத்த வாரமே உனக்கு டெட் என்று பேர் விழுந்தது. நீ பதினாறில் வயரிங் படிக்க டெக்னிக்கல் கொலேஜுக்குப் போகக் கேட்டபோது, “ஒரு ஃபேனை அணைக்கத் தெரியாதவனுக்கு வயரிங்கா?” என்றேன். இன்று நீ பாமசியில் நிற்கிறாய். உன் முதலாளி போன மாதம் என்னிடம் சொல்லிச் சிரித்தார். கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் திறந்து, இன்சுலின் இருக்கும் பிரிட்ஜின் சுவிட்சை நீ மூன்று தரம் தொட்டுப் பார்ப்பாயாம். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு இடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

பெட்டரியை மனுசனோடு ஒப்பிட்டு இங்கே ஒரு நல்ல வசனம் எழுதலாம், ஆயுளில் ஒரு துண்டு போனால் திரும்பி வராது என்று மேலே எழுதியதை வைத்து. வேண்டாம். பெட்டரிக்கு எரியாது.

இதுவரைக்கும் செவ்வாய்க்கிழமை மாலை எழுதி முடித்தேன். அந்த நேரம் நீ வேலை முடிந்து வந்தாய். குளித்துவிட்டு ஈரத் துவாயோடு வாசலுக்கு வந்தாய். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் சேட்டைக் கண்டாய். நின்றாய். பிறகு அதைக் கயிற்றில் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, பக்கத்தில் உன் துவாயைக் காயப்போட்டுவிட்டுப் போனாய். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இவனுக்கு இதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லையா, இவ்வளவு மொக்கனா என்று நினைத்தேன். பார், அப்போதும் உன்னைத்தான் குறை நினைத்தேன்.

இனி எழுதுவது புதன்கிழமை. இன்று காலை பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஆலங்குடாவுக்குப் போய், அன்று நின்ற அதே இடத்தில் விட்டேன். புதுப் பெட்டரி ஒன்றைக் கழற்றி, சாக்கை மடித்து, என் தோளில் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தேன். கடிதத்தோடு சேர்த்து, நானும் சுமந்தேன் என்று உனக்குச் சொல்லலாம் என்ற எண்ணம். இந்தப் பெட்டரி சீல் வைத்தது, அசிட் கசியாது. அப்படியிருந்தும் நூறு அடியில் கழுத்து இழுத்தது. இரண்டு தரம் இறக்கி வைத்தேன். மூன்றாம் தரம் இறக்கினேன், தூக்க முடியவில்லை. ரோட்டோரத்தில் பெட்டரிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தபோது ஒரு த்ரீவீல் வந்து நின்றது. மீராசா. தோணியை விற்றுவிட்டு இப்போது த்ரீவீல் ஓட்டுகிறான்.

“என்ன பாஸ் நானா இது? ஒரு கோல் தந்தா நான் வர மாட்டனா?” என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்விட்டு ஒருவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

“அது எங்களுக்கு அண்டைக்கே தெரியுந்தானே நானா. மைக்கில ஒங்கட பேரச் சொன்னதே நான்தானே.”

 ஓம், மைக்கில் சொன்னான். கரை முழுக்கக் கேட்டது. அன்று கொஞ்சத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டுதான் பார்த்திருக்கிறார்கள். “தெரிஞ்சும் ஏன்டா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?” என்று கத்தினேன்.

“ஒங்கட புள்ள. நீங்க தந்த கரண்ட்டுல மௌலூதும் ஓதி, பங்குவெச்ச நார்சாச் சோறும் திண்டுட்டு, வெள்ளக்காரன்ட முன்னுக்கு ஒங்கள மாட்டி உட ஏலுமா? நீங்களே சொல்லுவீங்க எண்டு பாத்தம். நீங்க சொல்லல்ல.” புகையை விட்டுவிட்டு அவன் தொடர்ந்தான். “மகன் அடுத்த வருசம் வந்து கேட்டாரு. மௌலூதுக்கு எங்கால கரண்ட் எடுத்தீங்க எண்டு. வாப்பாட பஸ்ஸாலதான் எண்டன். எத்தின நாள் எண்டாரு. மூணு நாள் எண்டன். சரி எண்டாரு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க எண்டு சொன்னன். குடிக்கல்ல.”

மகனே, மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. நான் பெரிய இரகசியத்தை உடைக்கிறேன் என்று நினைத்து எழுதிய அந்தப் பக்கங்களை நீ அப்படியே வாசிக்க வேண்டும், எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று பார்க்க. பத்து வருடமாக உனக்குத் தெரியும். பத்து வருடம் நான் அந்தக் கதையைச் சொல்ல, நீ பக்கத்தில் இருந்து சிரித்தாய். சலூனில் சிரித்தாய். உன் மச்சானின் சுன்னத்து வீட்டில் சிரித்தாய். பெருநாளைக்கு வந்த உறவு முன்னால் சிரித்தாய். ஒரே ஒரு தடவை, “நிறுத்துங்க வாப்பா” என்று என் சட்டையைப் பிடித்திருந்தால் நான் அந்த இடத்திலேயே செத்திருப்பேன், எனக்கு அது லேசாக இருந்திருக்கும். நீ பிடிக்கவில்லை. என்னைப் பேச விட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் என்னை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு, தூரத்தை மட்டும் திருத்தினாய்.

இது பொறுமையா, பழிவாங்கலா என்று எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து யோசிக்கிறேன். பொறுமை என்றால் அது எனக்குத் தகாது, நான் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. பழிவாங்கல் என்றால் மிக நன்றாகச் செய்திருக்கிறாய், என் பிள்ளைதான். “பெட்டரி என்ட கையில நிக்காது” என்று ஞாயிற்றுக்கிழமை என் பொய்யையே எடுத்து மரியாதையாக என் கையில் திருப்பித் தந்தாயே, அதைவிட ஒரு அறை இல்லை. ஆனால் பிரிட்ஜ் சுவிட்சை மூன்று தரம் தொடுகிறாயே, அது என்ன? உண்மை தெரிந்த பிறகும் ஏன் தொடுகிறாய்? தெரிந்தும் உன் கை நம்பவில்லை என்றால், நான் செய்தது இந்தக் கடிதத்தால் போகிற காரியம் இல்லை. இதைத்தான் உன்னிடம் கேட்க எனக்குப் பயம்.

பஸ்ஸை எடுத்துக்கொள். இது பெருந்தன்மை இல்லை, மாமனார் முன்னால் சொன்னதற்காகவும் இல்லை. கடற்கரையில் பெட்டரி வைத்துப் பிழைக்கும் தொழிலில் உனக்குத்தான் அருகதை, எனக்கு இல்லை. சாவி இந்தக் கவருக்குள் இருக்கிறது. வேண்டாம் என்றால் சாவியை என் முகத்தில் எறி, ஆனால் “என்ட கையில நிக்காது” என்று மட்டும் இனிச் சொல்லாதே. டிரைவர் சீட்டுக்குக் கீழே கையை விட்டால் அந்தப் பழைய வயர் இருக்கும். மீராசாவின் தக்கியாவில் இப்போது கரண்ட் இருக்கிறது, அது ஒருவருக்கும் தேவையில்லை. நீ என்ன செய்தாலும் சரி. மஞ்சள் சேட்டைக் கயிற்றிலிருந்து எடுக்க உன் உம்மா என்னை விடமாட்டாள், நீ வந்து எடுக்க வேண்டுமாம். எடுக்காமல் விட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு உன் தோளைக் காட்டும்போது இந்தக் கடிதத்தையும் காட்டு. கல்யாண முகதாட்சண்யத்துக்காக என்னை மன்னித்துவிடாதே, சபைக்கு முன்னால் தருகிற மன்னிப்பு எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. வலீமா விருந்து அன்று வந்தவர்களுக்கு நன்றி சொல்ல மாப்பிள்ளையின் வாப்பாவிடம் மைக் கொடுப்பார்கள். என்னிடம் கொடுக்க விடாதே. மைக்கில் என் பேர் கேட்க நான் என்னவெல்லாம் செய்வேன் என்று உன் தோளுக்குத் தெரியும்.

கடைசியாக, தூரம். இன்று மீராசா என்னையும் பெட்டரியையும் முதலில் திரும்பக் கடற்கரைக்கு ஏற்றிக்கொண்டு போனான். அங்கே பஸ் நிற்கும் இடத்திலிருந்து மீற்றரைப் பார்த்துக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் ஓட்டச் சொன்னேன். மூன்று. நீ சொன்னதுதான் சரி. பதினொரு வருடமாக நான் இரண்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தது பொய்யில்லை மகனே, எனக்கு அது இரண்டாகத்தான் இருந்தது. நான் உனக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தேன்.

வாப்பா